ஏழு பி

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம்
ஒன்பது மாடிக் கட்டடம்.
மாலை ஆறு இருபதுக்கு அலாரம் அடிக்கும்.
தலையில் சவர்க்கார நுரையோடு ஒருவர்,
ட்யூஷன் பிள்ளைகள் பதினொரு பேர்,
கூடைக்குள் ஒரு பூனை,
எல்லாரும் படியால் இறங்கி
வீதியில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள்.
நெருப்பைக் காணோம்.
ஏழு பி-யில் தவமலர் அக்கா
தணலில் சாம்பிராணி போட்டிருப்பார்.

நான் ஏணிக்காரன்.
புகை பிடிக்கும் கருவியைக் கழற்றுவேன், ஊதுவேன், பூட்டுவேன்.
படிவத்தில் காரணம் என்ற இடத்தில்
தூசி என்று எழுதுவேன்.

நான்காம் முறை அவர் சொன்னார்:
"முப்பத்தொண்டு முடிஞ்ச கையோட
எல்லாரும் போட்டினம் தம்பி.
புகை எழும்பினால்தான்
அவர் கதவடியில நிக்கிற மாதிரி இருக்கு.
அஞ்சு நிமிஷம் இதைக் கழட்டி வையுங்கோ."

கழற்றி வைத்தால் வேலை போகும்.
அதை அவருக்குச் சொல்லவும் வாய் வரவில்லை.

மறுநாள் புறக்கோட்டை, கேபோஸ் லேன்.
கடுக்காய், வசம்பு, குங்கிலிய மூட்டைகளுக்குப் பின்னால்
ரஸீன் நானா.
மணம் வேணும் நானா, புகை வேணாம் என்றேன்.
பைத்தியமோ என்று பார்த்தார்.
பிறகு லாச்சியைத் திறந்து
பெருவிரல் அளவில் ஒரு மண்ணிறப் போத்தல்.
குந்திரிக்க எண்ணெய்.
"பிசின ஆவியில வடிச்சது. நெருப்பே காணாத சாமான்."
விலையைக் கேட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

மணிக்கட்டில் ஒரு துளி வைத்தார்.
"மெதுவா இழுங்க. அவசரக்காரனுக்கு அது வராது."
முதலில் புதுக் கதவுக்கு அடித்த வார்னிஷ்.
பிறகு நாரத்தைத் தோல்.
அதற்கும் பிறகு, நெடுநேரம் கழித்து,
கொட்டாஞ்சேனைப் பெரிய கோயிலில்
சங்கிலியில் ஆடிய தூபக்கலசம்,
பூசை நடுவில் நான் தூங்கி விழுந்த வாங்கு.

கோட்டையிலிருந்து ஐந்து பத்து ரயில்.
ஏணியிலிருந்து விழுந்த வருஷம் தொட்டு
கூட்டம் நெருக்கினால் எனக்கு நெஞ்சு ஓடும்.
கொள்ளுப்பிட்டியில் இறங்கி அடுத்த ரயிலுக்கு நிற்பேன்.
யாருக்கும் சொன்னதில்லை.
அன்று மணிக்கட்டை மூக்கோடு வைத்துக்கொண்டு
ஒற்றைக் கையில் தொங்கினேன்.
பம்பலப்பிட்டி தாண்டியதே தெரியவில்லை.
சுகமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
நெஞ்சுக்குள் யாரோ எழும்பி
இருக்கை தந்த மாதிரி,
அவ்வளவுதான்.

அக்கா போத்தலை நம்பவில்லை.
"புகை இல்லாமல் அவருக்கு எப்பிடித் தெரியும்?"
எனக்கு விடை தெரியாது.
சுடுதண்ணி கேட்டேன்.
அலுமாரியின் கடைசித் தட்டிலிருந்து
கைப்பிடி உடைந்த கோப்பை ஒன்றை எடுத்துவந்தார்.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.

மூன்று துளி.
படத்துக்கு முன்னால் ஆவி
சொல்ல வந்ததை மறந்தவர் போல
கொஞ்சம் எழும்பி, நின்று, கரைந்தது.
ஆவிக்கும் கத்தக்கூடிய கருவி அது.
நான் கூரையைப் பார்த்தேன்.
அவரும் கூரையைப் பார்த்தார்.
பச்சை விளக்கு ஒருதரம் மினுங்கியது.
பின்னொருதரம்.

ஆறு இருபது.
ஆறு இருபத்தைந்து.
கீழே காலி வீதியில் ஒரு பஸ் ஹோர்ன்.
மாடிப்படியில் ஒரு காலடியும் இல்லை.

"இவ்வளவு நாளும் இது கத்திச்சுது," என்றார்,
"சனம் ஏசிச்சுது, நீங்கள் வந்தீங்கள்.
எனக்கு அழ நேரம் கிடைக்கேல்லை."

கதிரையை இழுத்து
கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தார்.
மூச்சை இழுத்தார், மெதுவாக.
விடும்போதுதான் உடைந்தார்.

ஏணியை மடக்க
வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.
லிஃப்டுக்குள் படிவத்தை விரித்தேன்.
காரணம் என்ற இடத்தில்
பேனை நின்றது.
கீழ்த்தளம் வந்து, கதவு திறந்து, மூடி,
திரும்பவும் மேலே போகத் தொடங்கியது.